மணலில் எழுதிய முதல் எழுத்து

வேதபகுதி: யோவான் 8:1-11



நமது சபையில் சனிக்கிழமை மாலைதோறும் பிள்ளைகளுக்கு ஆங்கில வகுப்பு நடைபெற்று வருவதை நீங்கள் அறிவீர்கள். அவ்வகுப்பில் கடந்த மாதம் நிகழ்ந்த ஒன்றை முதலாவது உங்களிடம் ஒப்புக்கொள்ளக் கடமைப்பட்டிருக்கிறேன். ஏழாம் வகுப்பில் படிக்கும் ஒரு சிறுமியிடம், முந்தின நாள் தான் செய்தவற்றை ஆங்கிலத்தில் ஐந்து வரிகளில் எழுதிவரச் சொன்னேன். அவளும் எழுதிவந்தாள். ‘ஐ யெஸ்டர்டே மார்க்கெட் வென்ட்’ என்பது அவளுடைய முதல் வாக்கியம். நான் சிவப்புப் பேனாவை எடுத்தேன். ஐந்து வரிகளில் பதினான்கு இடங்களைச் சுழித்தேன். அவளுக்கு நன்மை செய்கிறேன் என்றே அப்போது எண்ணினேன்.

அடுத்த சனிக்கிழமை அவள் கொண்டுவந்த பக்கத்தில் ஒரு பிழையும் இல்லை. எழுத்துகள் முத்துக் கோத்தாற்போல் இருந்தன. பசுவைப் பற்றிய ஒரு பத்தி அது. உரைநூல் ஒன்றைப் பார்த்து அப்படியே எழுதப்பட்டிருந்தது. அவளுடைய சொல் ஒன்றுகூட அதில் இல்லை. “நீயாக ஏன் எழுதவில்லை, அம்மா?” என்று கேட்டேன். “தப்பு வரும் ஐயா” என்றாள்.

அந்தப் பதில் என்னை அன்றிரவு உறங்கவிடவில்லை. வேறொருவருடைய மொழியில் எழுதக் கற்பது நம் நாட்டில் எப்படித் தொடங்கிற்று, அதைக் கற்பித்தவர்கள் என்ன செய்தார்கள், எங்கே வழுவினார்கள் என்று சில நாட்களாக வாசித்துக்கொண்டிருக்கிறேன். வாசித்தவற்றை இவ்வாரம் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன். சற்றுப் பொறுமையோடு என்னுடன் நடந்துவாருங்கள்.

திண்ணையில் பரப்பிய மணல்

நம் ஊரின் தமிழர் பகுதியில், வைசியாள் வீதியிலும் ஈசுவரன் கோயில் வீதியிலும் நடந்தால், தாழ்வாரமும் திண்ணையும் வைத்துக் கட்டிய பழைய வீடுகள் இன்றும் கண்ணில்படும். அத்தகைய திண்ணைகளே ஒரு காலத்தில் தமிழ்நாடெங்கும் பள்ளிக்கூடங்களாக விளங்கின. பிள்ளைகள் தரையில் வரிசையாக அமர்வார்கள். அவர்களுக்கு முன் மணல் பரப்பப்பட்டிருக்கும். ஆசிரியர் பிள்ளையின் விரலைப் பிடித்து ஓர் எழுத்தை வரைவார். பிள்ளை அதன் ஒலியை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே தானும் வரையும். கோணலாக வந்தால் உள்ளங்கையால் ஒரு தடவை தடவினால் போதும், மணல் மறுபடியும் வெறுமையாகிவிடும். விரல் தேறிய பிறகே பனையோலையும் எழுத்தாணியும் கையில் கொடுக்கப்படும். ஓலையில் கீறியதை அழிக்க இயலாது. ஆகவே அழிக்கக்கூடிய மணலில் தொடங்கினார்கள்.

இன்னொரு வழக்கமும் அங்கே இருந்தது. மூத்த மாணவன் ஒருவன் சட்டாம்பிள்ளையாக இருந்து இளையவர்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பான். ஓர் ஆசிரியர் பல நிலைகளில் உள்ள பிள்ளைகளை ஒரே நேரத்தில் நடத்த முடிந்ததற்கு அதுவே காரணம்.

அந்நாட்களை நாம் பொன்னாகப் பூசிக்காட்ட வேண்டியதில்லை. திண்ணைப் பள்ளியில் பிரம்பு ஓயாமல் பேசியது. மனப்பாடமே கல்வியின் பெரும்பகுதியாக இருந்தது. சென்னை மாகாண ஆளுநராயிருந்த சர் தாமஸ் மன்றோ 1822-இல் ஆணையிட்டுத் திரட்டிய கணக்கின்படி, ஏறத்தாழ 1 கோடியே 28 லட்சம் மக்கள் வாழ்ந்த அம்மாகாணத்தில் 12,498 பள்ளிகள் இருந்தன. ஆயிரம் பேருக்கு ஒரு பள்ளி என்பது அக்காலத்திற்குச் சிறிய எண்ணிக்கை அன்று. ஆயினும் பெண் பிள்ளைகளுக்கும் தீண்டாமைக்கு உள்ளாக்கப்பட்ட மக்களின் பிள்ளைகளுக்கும் அத்திண்ணைகளில் பெரும்பாலும் இடம் கிடைக்கவில்லை. இதையும் நாம் மறவாதிருப்போம்.

மணலில் அமர்ந்த ஐரோப்பியர் இருவர்

இந்த மணல் தமிழ்ப் பிள்ளைகளுக்கு மட்டும் பயன்பட்டதன்று. காரைக்காலுக்குச் சற்று வடக்கே உள்ள தரங்கம்பாடியில் 1706 ஜூலை மாதம் பர்த்தலோமேயு சீகன்பால்கு வந்து இறங்கினார். அப்போது அவருக்கு வயது ஏறத்தாழ 24. தமிழில் ஓர் எழுத்தும் அறியாதவர். அவர் என்ன செய்தார் தெரியுமா? உள்ளூர் ஆசிரியர் ஒருவரைத் தம் இருப்பிடத்திலேயே பள்ளி நடத்தச் செய்து, சிறு பிள்ளைகளோடு தாமும் தரையில் அமர்ந்து, விரலால் மணலில் அகரம் எழுதிப் பழகினார். பல்கலைக்கழகத்தில் பயின்று வந்த ஒருவர், ஐந்து வயதுப் பிள்ளைகளின் நடுவில், அவர்களைவிட மோசமாக எழுதிக்கொண்டிருந்த காட்சியை எண்ணிப்பாருங்கள். ஒன்பது ஆண்டுகளுக்குள், 1715-இல், தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சில் வெளிவந்தது. இன்று நம் கைகளில் இருக்கும் வேதாகமத்தின் வரலாற்றில் அந்த மணலுக்கும் ஒரு பங்கு உண்டு.

இரண்டாமவர் ஆண்ட்ரூ பெல். ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் 1753-இல் பிறந்த இந்தப் போதகர், 1787-இல் சென்னைக்கு வந்து, 1789-இல் எழும்பூரில் இருந்த ஆண் அநாதைப் பிள்ளைகளின் விடுதிப் பள்ளிக்குப் பொறுப்பேற்றார். அங்கிருந்தவர்கள் ஐரோப்பியப் படைவீரர்களின் பிள்ளைகள். அவர்களில் பலருடைய தாய்மார் இந்நாட்டுப் பெண்கள். தகப்பனின் மொழி ஆங்கிலமாக இருந்தாலும், தாயின் மடியில் கேட்ட மொழி வேறாக இருந்த பிள்ளைகள் அவர்கள். அவர்களுக்கு ஆங்கில எழுத்துகளைப் பதியவைக்க முடியாமல் ஆசிரியர்கள் திணறினார்கள்.

ஒருநாள் காலை பெல் குதிரையில் சென்றுகொண்டிருந்தபோது வழியில் ஒரு ‘மலபார்’ பள்ளியைக் கண்டார். அக்காலத்து ஐரோப்பியர் தமிழரை அப்பெயரால் குறிப்பிட்டனர். பிள்ளைகள் தரையில் அமர்ந்து மணலில் விரலால் எழுதுவதைப் பார்த்த அவர், தமது பள்ளியிலும் அவ்வாறே செய்யும்படி சொன்னார். அங்கிருந்த ஆசிரியரோ அது நடவாத காரியம் என்று மறுத்தார். ஆகவே பெல், எட்டு வயதளவான ஜான் ஃபிரிஸ்கென் என்னும் மாணவனை அழைத்து, அகரவரிசை வகுப்பை அவனிடம் ஒப்படைத்தார். பெரியவர்கள் முடியாது என்று விட்டதை அந்தச் சிறுவன் செய்துகாட்டினான். மணலும் சட்டாம்பிள்ளையும் ஆகிய இரண்டு தமிழ் வழக்கங்கள் சேர்ந்து ஓர் ஆங்கிலப் பள்ளியின் முறையாயின.

1796-இல் தாயகம் திரும்பிய பெல், அடுத்த ஆண்டே இம்முறையை ஒரு சிறு நூலாக இலண்டனில் வெளியிட்டார். ‘மெட்ராஸ் முறை’ என்ற பெயர் அதற்கு நிலைத்தது. 1811-இல் இங்கிலாந்துத் திருச்சபையின் சார்பில் ஏழைப் பிள்ளைகளின் கல்விக்காகத் தேசியச் சங்கம் நிறுவப்பட்டபோது இதுவே அதன் முறையாயிற்று. ஜோசப் லங்காஸ்டர் நடத்திய பள்ளிகளிலும் தொடக்க வகுப்புக்கு மணல் மேசை இருந்தது. 1815-க்குப் பின் பிரான்சு தேசத்திலும் மாணவர் மாணவருக்குக் கற்பிக்கும் முறை பரவிற்று. ஆங்கிலேயரின் சொந்தப் பிள்ளைகள், தங்கள் சொந்த மொழியின் எழுத்துகளை, நம் திண்ணையிலிருந்து சென்ற மணலில் எழுதிப் பழகினார்கள். ஆங்கிலம் எழுதுவது நமக்கு எட்டாத வித்தை என்று எண்ணும் பெற்றோர் நம்மிடையே உண்டு. அவர்கள் இந்த வரலாற்றைத் தங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டும் என்று விரும்புகிறேன்.

எழுத்து மறுக்கப்பட்டவர்கள்

ஆனால் இக்கதையில் வருத்தத்திற்குரிய ஒரு பகுதியும் உண்டு. அகரவரிசையை அத்தனை எளிதாக்கித் தந்த அதே பெல், 1805-இல் தமது நூலை விரித்து எழுதியபோது, ஏழைகளின் பிள்ளைகள் எல்லாருக்கும் எழுதவும் கணக்கிடவும் கற்பிப்பது தமது நோக்கமன்று என்று குறிப்பிட்டார். தங்கள் நிலைக்கு மேற்பட்ட கல்வி அவர்களை வேலையில் மனம் நிலைகொள்ளாதவர்களாக்கும் என்று அஞ்சினார். இங்கிலாந்தில் ஏழைகளுக்காகப் பள்ளிகள் நடத்திய பக்தியுள்ள பெண்மணியான ஹன்னா மோரும் அவ்வாறே, வேதம் வாசிக்கக் கற்பித்தார். எழுதக் கற்பிக்க இடங்கொடுக்கவில்லை.

வாசிப்புக்கும் எழுத்துக்கும் நடுவில் ஏன் இந்தச் சுவர்? வாசிக்கிறவன் பிறர் சொன்னதைப் பெற்றுக்கொள்கிறான். எழுதுகிறவனோ தன் மனதிலுள்ளதைச் சொல்லத் தொடங்குகிறான்; விண்ணப்பம் எழுதுவான், முறையீடு எழுதுவான், கணக்கைக் கேட்பான். அதை விரும்பாதவர்கள் திருச்சபைக்குள்ளும் இருந்தார்கள் என்பது நாம் தலைகுனிந்து ஏற்கவேண்டிய உண்மை.

இந்தச் சுவரை நம் ஊரில் அசைத்தவர்களைப் பற்றியும் சொல்லவேண்டும். பாரிசு வெளிநாட்டு மிஷனைச் சேர்ந்த லூயி சவினியன் துய்ப்புயி என்னும் குருவானவர் இங்கே மிஷன் அச்சகத்தை நடத்திவந்தார். தமிழ்ப் பெண் பிள்ளைகளுக்கு எழுத்தறிவிக்க ஆள் இல்லை என்பதைக் கண்டு, 1844 அக்டோபரில், புதுச்சேரியிலேயே, அதற்கென்று ஒரு கன்னியர் சபையைத் தொடங்கினார். மரியாவின் மாசற்ற இருதய பிரான்சிஸ்கன் சபை என்று இன்று அதை அறிகிறோம். பெண் பிள்ளையின் கையில் எழுத்தாணி எதற்கு என்று ஊர் கேட்ட காலம் அது. அதே குருவானவர் மூசே என்னும் தம் உடன் குருவோடு சேர்ந்து தமிழ்–பிரெஞ்சு அகராதி ஒன்றையும் இவ்வூரில் அச்சேற்றினார். ஒருவர் தம் மொழியிலிருந்து அயல் மொழிக்குக் கடக்க ஒரு பாலம் வேண்டும் என்பதை அவர் அறிந்திருந்தார். நாம் வேறு சபை மரபைச் சார்ந்தவர்களாயினும் இவ்விரு செயல்களுக்காகவும் தேவனை ஸ்தோத்திரிக்கலாம்.

மொழி மாறிய நகரம்

அயல் மொழியில் எழுதுவது நம் நகரத்தைப்போல் பழகிய ஊர்கள் அதிகம் இல்லை. 18-ஆம் நூற்றாண்டில் இங்கே துய்ப்ளேக்ஸ் ஆளுநராயிருந்தபோது அவருக்குத் துபாஷியாக விளங்கியவர் ஆனந்தரங்கம் பிள்ளை. துபாஷி என்றால் இரு மொழி அறிந்தவர். பகலெல்லாம் பிரெஞ்சுக்காரர் நடுவில் வாழ்ந்த அவர், 1736 முதல் ஏறத்தாழ 25 ஆண்டுகள் தம் நாட்குறிப்பைத் தமிழில் எழுதினார். பேச்சு வழக்கும் பிறமொழிச் சொற்களும் கலந்த தமிழ் அது. இலக்கணம் பார்த்துச் செதுக்கிய நடையன்று. 1761 ஜனவரியில், இந்நகரம் ஆங்கிலேயர் கையில் விழும் தறுவாயில், அவர் காலமானார். அக்காலத்துப் பண்டிதர் ஒருவர் அக்குறிப்புகளைத் திருத்தும்படி அவரை வற்புறுத்தி, அவரும் வெட்கப்பட்டு எழுதுவதை நிறுத்தியிருந்தால், தென்னிந்திய வரலாறு எவ்வளவு இழந்திருக்கும்!

பின்னாளில் பள்ளிகள் வந்தன. 1826-இல் ஆளுநர் தெபசேன் தெ ரிஷ்மோன் காலத்தில் அரச கல்லூரி தொடங்கப்பட்டது. இன்றைய பிரெஞ்சு லிசே அதன் வழிவந்ததே. 1844-இல் பெத்தி செமினார் எழுந்தது. கலவை சுப்பராயச் செட்டியாரின் கொடையால் மிஷன் வீதியில் கலவைக் கல்லூரி எழுந்தது. பிரெஞ்சோடு ஆங்கிலமும் அங்கே கற்பிக்கப்பட்டது. சுற்றிலும் ஆங்கிலேயரின் நிலப்பரப்பு. வேலையும் சென்னைப் பல்கலைக்கழகமும் எல்லைக்கு அப்பால். ஆகவே பிரெஞ்சுக் கொடி பறந்த ஊரிலும் ஆங்கிலம் கற்க விரும்பியோர் இருந்தனர்.

பிரெஞ்சுப் பள்ளி மரபில் ‘திக்தே’ என்னும் பயிற்சிக்குப் பெரிய மதிப்பு உண்டு. ஆசிரியர் வாசிப்பார், மாணவர் ஒரு புள்ளியும் பிசகாமல் எழுதவேண்டும், ஒவ்வொரு பிழைக்கும் மதிப்பெண் குறையும். செவிக்கும் எழுத்துக்கூட்டலுக்கும் அது நல்ல பயிற்சிதான். ஆனால் அதில் எழுதப்படுவது எப்போதும் வேறொருவரின் வாக்கியம்.

1954 நவம்பர் 1-ஆம் நாள் நிர்வாகம் இந்தியாவின் கைக்கு மாறியது. 1956-இல் கையெழுத்தான உடன்படிக்கை, மக்கள் பிரதிநிதிகள் வேறுவிதமாகத் தீர்மானிக்கும்வரை பிரெஞ்சே ஆட்சிமொழியாக நீடிக்கும் என்றது. 1962 ஆகஸ்டு 16-இல் இணைப்பு சட்டப்படி நிறைவேறியது. 1965-இன் ஆட்சிமொழிச் சட்டம் தமிழை ஆட்சிமொழியாக்கி ஆங்கிலமும் தொடர இடமளித்தது. ஒரு தலைமுறைக்குள் அலுவலகக் காகிதத்தின் மொழி மாறிவிட்டது. பிரெஞ்சில் சான்றிதழ் பெற்ற தகப்பன், ஆங்கிலத்தில் விண்ணப்பம் எழுதத் தன் மகனிடம் கேட்கவேண்டியதாயிற்று. உங்களில் மூத்தவர்கள் சிலருடைய வீடுகளில் இது நடந்திருக்கும். நேற்றுவரை கற்றவர் என்று மதிக்கப்பட்டவர் திடீரென்று எழுதத் தயங்குகிறவராக நிற்பது எத்தகைய வேதனை! பிள்ளைகளின் பிழையைக் கண்டு நகைக்கிறவர்கள் அதை நினைத்துப்பார்ப்பது நல்லது.

பிழைக்குள் இருக்கும் அறிவு

அக்காலத்திலேயே ஆங்கிலம் கற்பிக்கும் முறைகளைப் பற்றிய சிந்தனையும் மாறத் தொடங்கிற்று. முதலில் வாக்கிய அமைப்புகளைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பழக்கும் முறை சென்னை மாகாணப் பள்ளிகளில் பரப்பப்பட்டது. கேட்டல், பேசல், வாசித்தல் ஆகியவற்றுக்குப் பின் கடைசியாக வந்தது எழுதுதல். அதுவும் கொடுத்த அச்சில் சொற்களை மாற்றி வைப்பதாகவே இருந்தது. பிழை நுழையவே கூடாது என்பது அம்முறையின் எண்ணம்.

1967-இல் பிட் கார்டர் என்னும் மொழியியலாளர் ஒரு கட்டுரையில் வேறொரு பார்வையை முன்வைத்தார். கற்கிறவர் செய்யும் பிழை கவனக்குறைவின் அடையாளம் மட்டுமன்று. அவர் மனதில் அந்த மொழியைப் பற்றி உருவாகிவரும் ஒழுங்கை அது காட்டுகிறது என்றார். 1977-இல் அமெரிக்காவின் மினா ஷாக்னசி, நியூயார்க் நகரக் கல்லூரிக்குப் புதிதாக வந்த மாணவர்களின் ஏறத்தாழ 4,000 கட்டுரைகளைப் படித்து ஒரு நூல் எழுதினார். குழப்பம் என்று மற்றவர்கள் ஒதுக்கிய பக்கங்களில் தெளிவான காரணங்கள் இருப்பதை அவர் காட்டினார். நம் தென்னிந்தியாவிலேயே என். எஸ். பிரபு 1979 முதல் 1984 வரை பெங்களூரு, சென்னை முதலிய இடங்களின் சாதாரணப் பள்ளிகளில் ஒரு சோதனை நடத்தினார். இலக்கணத்தை முன்வைக்காமல், ரயில் கால அட்டவணையையோ வரைபடத்தையோ கொடுத்து, அதில் ஒரு கேள்விக்கு விடை காணச் சொன்னார். மனம் பொருளில் ஈடுபட்டிருக்கும்போது மொழி உள்ளே வேரூன்றும் என்பது அவருடைய நம்பிக்கை. எவ்வளவு திருத்துவது, எப்போது திருத்துவது என்பதில் அறிஞர்களுக்குள் இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. திருத்தமே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை.

இவற்றை வாசித்தபின் அச்சிறுமியின் முதல் வாக்கியத்தை மறுபடியும் எடுத்துப் பார்த்தேன். ‘ஐ யெஸ்டர்டே மார்க்கெட் வென்ட்.’ நான் நேற்று மார்க்கெட்டுக்குப் போனேன். தமிழில் வினை கடைசியில் நிற்கும். அவளும் கடைசியில் வைத்தாள். ‘கு’ என்னும் நம் வேற்றுமை உருபு பெயரோடு ஒட்டிவரும். ஆங்கிலத்தில் அதே வேலையைச் செய்யும் சொல் தனியாக முன்னே நிற்கவேண்டும் என்பது அவளுக்கு இன்னும் தெரியாது. பெயருக்கு முன்வரும் ‘தி’ போன்ற சொல் தமிழில் இல்லவே இல்லை. ஆனால் ‘கோ’ என்பது நேற்றைய காரியமானால் ‘வென்ட்’ என்று முழுவதுமாக உருமாறும் என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. எந்தச் சூத்திரத்திலும் அடங்காத அந்தச் சொல்லை அவள் சரியாக எழுதியிருந்தாள். பதினான்கு சிவப்புச் சுழிகளுக்கு நடுவில், அதற்கென்று ஒரு நல்ல வார்த்தை நான் எழுதவில்லை.

வேதமும் அயல் மொழியில் எழுதப்பட்டது

பிரியமானவர்களே, புதிய ஏற்பாடு கிரேக்கத்தில் எழுதப்பட்டது. அதை எழுதியவர்களில் பலர் வீட்டில் அரமேய மொழி பேசி வளர்ந்தவர்கள். வெளிப்படுத்தின விசேஷத்தின் கிரேக்கத்தைப் பற்றி, மூன்றாம் நூற்றாண்டிலேயே அலெக்சந்திரியாவின் பேராயர் தியொனீசியு ஒரு குறிப்பு எழுதினார். சபை வரலாற்றாசிரியர் யூசேபியு அதைப் பாதுகாத்து வைத்திருக்கிறார். அந்நூலாசிரியருக்கு வெளிப்பாடும் ஞானமும் அருளப்பட்டதை மறுக்கவில்லை என்றும், ஆயினும் அவருடைய கிரேக்கம் செம்மையானதன்று, இலக்கண வழுக்கள் அதில் உண்டு என்றும் அவர் சொன்னார். முதல் அதிகாரம் நான்காம் வசனத்திலேயே, வேற்றுமை ஏற்கவேண்டிய இடத்தில் எழுவாய் வடிவம் நிற்கிறது. அது வேண்டுமென்றே செய்யப்பட்டது என்பாரும் உண்டு. எப்படியாயினும், பத்முதீவில் கண்டதை எழுது என்று கட்டளை பெற்றவர், முதலில் என் கிரேக்கம் தேறட்டும் என்று காத்திருக்கவில்லை. தமக்கிருந்த மொழியில் எழுதினார். தேவன் அதைத் தள்ளிவிடவில்லை. திருச்சபை அதை வேதத்தின் முடிவில் வைத்தது.

இனி நம் வேதபகுதிக்கு வருவோம். குற்றம் சாட்டுகிறவர்கள் ஒரு பெண்ணை நடுவில் நிறுத்தி, நியாயப்பிரமாணத்தைச் சொல்லி, ஆண்டவருடைய தீர்ப்பைக் கேட்கிறார்கள். அவர் குனிந்து விரலினால் தரையில் எழுதுகிறார். சுவிசேஷங்களில் நம் ஆண்டவர் எழுதியதாக வருவது இந்த ஓரிடமே. என்ன எழுதினார் என்று யோவான் சொல்லவில்லை. அதை அறிய நாம் எவ்வளவோ விரும்பலாம். காற்றும் கால்களும் அதை அழித்துவிட்டன. அப்பெண்ணின் பெயரால் நிலையான பதிவு எதையும் அவர் விட்டுவைக்கவில்லை. பாவம் பாவமே என்பதை அவர் மறைக்கவுமில்லை. இனிப் பாவஞ்செய்யாதே என்ற பொருளில்தான் அவளை அனுப்பினார். ஆனால் முதலில் அவள் நிமிர்ந்து நிற்க ஓர் இடத்தை உண்டாக்கினார். திருத்தம் அதற்குப்பின் வந்தது. மொழிப்பிழை பாவமன்று, இவ்விரண்டையும் நான் சமன்படுத்தவில்லை. திருத்துகிறவன் எந்த வரிசையில் திருத்தவேண்டும் என்பதையே இப்பகுதியிலிருந்து கற்றுக்கொள்கிறேன்.

நம் திண்ணை முன்னோர் பிள்ளையின் கையில் முதல்நாளே எழுத்தாணியைக் கொடுக்கவில்லை என்பதை நினைவுகூருங்கள். அழிக்கக்கூடிய இடத்தில் கை பழகவிட்டார்கள். நானோ அந்தச் சிறுமிக்கு முதல்நாளே ஓலையைக் கொடுத்து, அவள் கீறியதையெல்லாம் எண்ணிக் காட்டிவிட்டேன்.

நாம் செய்யக்கூடியது

இவ்வாரம் முதல் நம் சனிக்கிழமை வகுப்பில் சிறிய மாற்றம் ஒன்று செய்கிறோம். ஒவ்வொரு பிள்ளைக்கும் இரண்டு நோட்டுகள் இருக்கும். முதலாவதற்கு ‘மணல் நோட்டு’ என்று பெயரிட்டிருக்கிறோம். அதில் தினமும் மூன்று வரி, தாங்கள் கண்டதையும் செய்ததையும் எழுதுவார்கள். சொல் கிடைக்காத இடத்தில் தமிழ்ச் சொல்லையே எழுதலாம். அதில் சிவப்பு மை படாது. வாசிக்கிறவர் எழுதப்பட்ட செய்தியைப் பற்றி ஒரு கேள்வி மட்டும் கேட்பார். வாரத்தில் ஒருமுறை, பிள்ளை தானே தேர்ந்தெடுக்கும் ஒரு பகுதியை, ஆசிரியரோடு உட்கார்ந்து திருத்தி, இரண்டாம் நோட்டில் செம்மையாக எழுதும். ஒரு வேளையில் ஒரு வகைப் பிழைக்கு மேல் எடுத்துக்கொள்ளமாட்டோம்.

இதற்கு எனக்கு உங்களுடைய உதவி தேவை. ஆங்கிலத்தில் புலமை வேண்டியதில்லை. மேல் வகுப்பில் படிக்கும் வாலிபர்கள் சட்டாம்பிள்ளைகளாக வரலாம். ஜான் ஃபிரிஸ்கென் எட்டு வயதில் செய்ததை நம் பிளஸ் டூ மாணவர்கள் செய்யமாட்டார்களா? தாய்மார்கள் வந்து பிள்ளை எழுதியதைத் தமிழில் சொல்லச்சொல்லிக் கேட்கலாம். பிரெஞ்சில் படித்த மூத்தவர்கள் வந்து, தாங்கள் ஆங்கிலத்திற்கு மாறியபோது பட்ட பாட்டைச் சொல்லலாம். பிள்ளைகளுக்கு அது பெரிய தைரியமாயிருக்கும்.

அந்தச் சிறுமியிடம் நான் மன்னிப்புக் கேட்டேன். அவள் கூச்சத்தோடு சிரித்தாள். கடந்த சனிக்கிழமை தன் மணல் நோட்டில் மூன்று வரி எழுதியிருந்தாள். அவள் பாட்டி மீன் வாங்கப் போனதையும், விலை கேட்டுத் திரும்பி வந்ததையும் பற்றிய வரிகள். ஆறு பிழைகள் இருந்திருக்கும், நான் எண்ணவில்லை. “எந்த மீன்?” என்று மட்டும் கேட்டேன். ‘வஞ்சிரம்’ என்று தமிழில் எழுதி, அதன்கீழ் இன்னும் இரண்டு வரி ஆங்கிலத்தில் சேர்த்தாள்.

ஜெபிப்போம்: எங்கள் பரம பிதாவே, தடுமாறும் நாவையும் திருந்தாத கையையும் நீர் தள்ளாதவர். எங்கள் பிள்ளைகள் தங்கள் உள்ளத்திலுள்ளதைப் பயமின்றி எழுதும்படி அவர்களுக்குக் கிருபை தாரும். அவர்களுக்குக் கற்பிக்கிற எங்களுக்குப் பொறுமையைத் தாரும். எங்கள் அவசரத்தினால் நாங்கள் வாயடைத்துப்போட்டவர்களுக்காக எங்களை மன்னியும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் ஜெபிக்கிறோம். ஆமென்.